பாரிஸ் நாட்குறிப்பு: துடுப்பும் பொய்க்காலும்

2024 ஆகஸ்ட் 29, வியாழன், லா ஷப்பல்

விமான நிலையத்திலிருந்து நகருக்குள் வர 16 யூரோ. மெட்ரோவில் ஒருமுறை ஏறி இறங்க 4 யூரோ. விளையாட்டுப் போட்டிகள் முடியும் வரை இந்த விலைதானாம். மனத்துக்குள் ரூபாயில் பெருக்கிப் பார்த்து, பெருக்கியதற்காக வருந்தி, கார் து நோர் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் தெருவில் தமிழ்ப் பலகைகள். புடவைக் கடை, நகைக் கடை, மளிகை, கொத்து ரொட்டி. ஈழத் தமிழர்கள் எழுப்பிய கடைத்தெரு இது. பஜோல் தெருவில் மாணிக்க விநாயகர் கோயில்கூட இருக்கிறது. ஊரைவிட்டுக் கிளம்பிய உணர்வே வரவில்லை. வாடகை மட்டும் ஊரை நினைவூட்டவில்லை.

எதற்காக வந்தேன் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பாராலிம்பிக்ஸ் நேற்று தொடங்கியது. இந்தியாவிலிருந்து 84 பேர் வந்திருக்கிறார்கள். துப்பாக்கி சுடுதல், ஈட்டி, பாட்மின்டன் என்று எங்கெல்லாம் பதக்கம் எதிர்பார்க்கப்படுகிறதோ அங்கெல்லாம் கேமராக்கள் போகும். நான் போவது நகருக்குக் கிழக்கே இருக்கும் ஓர் ஏரிக்கு. அங்கே துடுப்புப் படகுப் போட்டியில் நாராயணா கொங்கனபள்ளே என்ற ராணுவ வீரரும் அனிதா என்ற பெண்ணும் ஒரே படகில் போட்டியிடுகிறார்கள். பாராலிம்பிக் துடுப்புப் படகில் இந்தியா கலந்துகொள்வது இதுவே முதல்முறை. பதக்கம் கிடைக்கும் என்று யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

நாராயணா ஆந்திரத்தின் நந்தியால் பகுதிக்காரர். 2015இல் ஜம்மு காஷ்மீரில் பணியிலிருந்தபோது கண்ணிவெடியில் ஒரு காலின் கீழ்ப்பகுதியை இழந்தார். அதன் பிறகுதான் துடுப்பைப் பிடித்தார். கடந்த அக்டோபரில் ஹாங்சோ ஆசியப் பாரா விளையாட்டில் அனிதாவுடன் வெள்ளி வென்றார். இந்த ஏப்ரலில் தென்கொரியாவின் சுங்ஜுவில் நடந்த தகுதிப் போட்டியில் இருவரும் முதலிடம் பிடித்துப் பாரிஸுக்கு இடம் வாங்கினார்கள். அனிதா ராணுவத்தைச் சேர்ந்தவர் அல்லர். சாலை விபத்தில் காலை இழந்தவர்.

இரவு சாப்பிடப் போன கடையில் முதலாளி யாழ்ப்பாணத்துக்காரர். எங்கே போகப் போகிறேன் என்று விசாரித்தார். சொன்னேன். தோசைக்கல்லைத் துடைத்தபடியே, “எங்கட பக்கம் கண்ணிவெடியில் கால் போன ஆட்கள் எத்தனையோ பேர், தம்பி. யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிலையத்தில் பொய்க்கால் வாங்கித் திரும்ப வயலுக்குப் போவார்கள், சைக்கிள் ஓட்டுவார்கள். படகுப் பந்தயம் ஓடினவர் ஒருவரையும் நான் காணவில்லை” என்றார். ஏளனமாகச் சொல்லவில்லை. கணக்குச் சொல்வதுபோல் சொன்னார். எனக்குத்தான் அந்தக் கணக்கு படுக்கும்வரை போகவில்லை.

ஆகஸ்ட் 30, வெள்ளி, வேர்-சுர்-மார்ன்

கார் து லெஸ்திலிருந்து புறநகர் ரயில் பிடித்தால் அரை மணி நேரத்துக்குள் பச்சை வந்துவிடுகிறது. வேர்-சுர்-மார்ன் ஏரி இயற்கையானது அல்ல. மணல் அள்ளிய பள்ளத்தைத் தண்ணீர் நிரப்பி ஏரியாக்கியிருக்கிறார்கள். 2019இல் நீர்விளையாட்டு அரங்காகத் திறந்தார்கள். ஒரு மாதத்துக்கு முன் இதே தண்ணீரில்தான் ஒலிம்பிக்ஸ் நடந்தது. நம் ராணுவத்தைச் சேர்ந்த பல்ராஜ் பன்வார் ஒற்றையர் பிரிவில் 23ஆவது இடம் பிடித்தார்.

நுழைவாயில் கடையில் பாராலிம்பிக் சின்னமான சிவப்பு ஃப்ரீஜ் பொம்மை விற்கிறார்கள். அதன் ஒரு கால், ஓட்ட வீரர்கள் அணியும் வளைந்த தகடு. குழந்தைகள் அதைத்தான் கேட்டு வாங்குகிறார்கள். இதைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருப்பேன், போட்டி தொடங்கிவிட்டது.

புதிதாகப் பார்ப்பவர்களுக்கு முதலில் ஒன்று சொல்ல வேண்டும். துடுப்புப் படகு கையால் ஓட்டுவது என்று நினைத்துக்கொண்டிருந்தால் அதை மறந்துவிடுங்கள். சாதாரணப் படகில் இருக்கை முன்னும் பின்னும் நழுவும். ஓட்டுபவர் முழங்காலை மடக்கி முன்னே நழுவி, துடுப்பைத் தண்ணீரில் இறக்கி, கால்பலகையை உதைத்துத்தான் படகைத் தள்ளுகிறார். பெரும்பகுதி விசை தொடையிலிருந்து வருகிறது. முதுகு அதை வாங்கிக் கடத்துகிறது, கை முடித்து வைக்கிறது. ஆகவே பாரா பிரிவுகள் எல்லாம் ஒரே கேள்வியின்மேல் நிற்கின்றன: அந்தச் சங்கிலியில் உங்களிடம் எது மிஞ்சியிருக்கிறது?

பிரிவுகளின் பெயரில் வரும் பி.ஆர். என்பது ‘பாரா ரோயிங்’, அதாவது பாரா துடுப்புப் படகு. பி.ஆர்.1 பிரிவில் தோளும் கையும் மட்டும். இருக்கை நகராது. உடல் முன்னும் பின்னும் சாயாதபடி மார்புக்குக் கீழே பட்டை கட்ட வேண்டும். படகு கவிழாமல் இருபுறமும் மிதவைகள். பி.ஆர்.2இல் இடுப்புக்கு மேலுள்ள உடலும் சேரும், இருக்கை நகராது. பி.ஆர்.3இல் கால்களும் ஏதோ ஓர் அளவுக்கு வேலை செய்யும், ஆகவே நழுவும் இருக்கை உண்டு. நாராயணாவும் அனிதாவும் இந்த மூன்றாவது வகையில், ஆணும் பெண்ணும் சேர்ந்த இரட்டையர் படகில். இந்தப் போட்டி பாராலிம்பிக்ஸில் இடம்பெறுவது இப்போதுதான் முதல்முறை.

தூரம் 2000 மீட்டர். 2008இல் பெய்ஜிங்கில் துடுப்புப் படகு பாராலிம்பிக்ஸுக்குள் வந்தபோது 1000 மீட்டர்தான் வைத்தார்கள். 2017இல்தான் மற்றவர்களுக்குள்ள தூரத்தையே இவர்களுக்கும் கொடுத்தார்கள். இந்த மாற்றத்தைச் சலுகை என்று சொல்ல வாய் வரவில்லை. பி.ஆர்.1 பெண்கள் இந்தத் தூரத்தைக் கடக்கப் பத்து நிமிடத்துக்குமேல் ஆகிறது. பத்து நிமிடம், தோளால் மட்டும்!

காலையில் நான் அதிகம் பார்த்தது பந்தயத்தை அல்ல. கையில் தொலைநோக்கி இருந்ததால் படகு இறக்கும் மிதவைத் துறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சக்கர நாற்காலி விளிம்புவரை வரும். ஓட்டுபவர் கையூன்றித் தரையில் இறங்குவார், பிறகு படகுக்குள். அந்தக் குறுகிய படகு ஒரு பக்கம் சாய்ந்தால் தண்ணீர்தான். உதவியாளர் படகைப் பிடித்திருப்பார். ஆளைத் தொடமாட்டார், கேட்டால் ஒழிய. கரையை விட்டு நகர்ந்த பிறகு, பி.ஆர்.3 படகுகளில் யாருக்கு எந்தக் கால் இல்லை என்று கூர்ந்து பார்த்தாலும் எனக்குத் தெரியவில்லை.

இந்தியப் படகு முதல் சுற்றில் நேரடியாக இறுதிக்குப் போகவில்லை. நாளை ரெப்பசாஜ், அதாவது தோற்றவர்களுக்கான மறுவாய்ப்புச் சுற்று. இன்று என் கைபேசியில் வந்த செய்திகள் எல்லாம் துப்பாக்கி சுடுதலில் அவனி லெகரா வென்ற தங்கத்தைப் பற்றி. நியாயம்தான்.

ஆகஸ்ட் 31, சனி

ரெப்பசாஜில் மூன்றாம் இடம். பதக்கத்துக்கான இறுதிச் சுற்றில் இடமில்லை. நாளை இறுதி ‘பி’யில், அதாவது ஏழாம் இடத்திலிருந்து கீழே வரிசைப்படுத்தும் பந்தயத்தில் ஓட்டுவார்கள். எட்டு நிமிடத்துக்குள் முடிந்துபோன ஒரு பந்தயத்துக்காக நேற்றே வந்து உட்கார்ந்திருக்கிறேன். இதை எழுத மீதி நாள் முழுவதும் இருக்கிறது.

பார்வையாளர் படிக்கட்டிலிருந்து பாதித் தூரம்கூடக் கண்ணுக்கு எட்டாது. பெரிய திரையில் தான் பார்க்க வேண்டும். கடைசி 300 மீட்டரில்தான் படகுகள் மனிதர்களாக மாறுகின்றன. அப்போது தெரியும், செயற்கைக் கால் வைத்து ஓட்டுவது என்னவென்று. முன்னே நழுவும்போது நல்ல காலின் கணுக்கால் மடங்கிக்கொடுக்கும், குதிகால் லேசாக எழும். கார்பன் கணுக்கால் அந்த அளவுக்கு மடங்காது. ஆகவே ஒரு முழங்கால் மடங்கும் அளவுக்கு மற்றது மடங்குவதில்லை. உதைக்கும்போது இரண்டு பக்கமும் ஒரே விசை வருவதில்லை. அந்த வித்தியாசம் படகுக்குத் தெரிந்துவிடும். அது ஒரு பக்கமாகச் சரியப் பார்க்கும். கால்பலகையின் உயரம், கோணம், காலணி வைக்கும் இடம் என்று மில்லிமீட்டர் கணக்கில் மாற்றி மாற்றித்தான் அதைச் சரிக்கட்ட முடியும். போதாததற்கு வியர்வை. பொய்க்காலின் உறைக்குள் இருக்கும் மிச்சக் கால் வியர்த்தால் வழுக்கும், வழுக்கினால் தோல் உரியும். இதை நிமிடத்துக்கு முப்பது முறைக்குமேல் செய்ய வேண்டும், பக்கத்தில் இருப்பவரின் துடுப்போடு சேர்ந்து. அவருக்கும் இதே சிக்கல் வேறு விதமாக.

இனி, நேற்று முன்தினத்துக் கடைக்காரரின் கணக்கு.

துடுப்புப் படகில் படைவீரர்கள் திரும்பத் திரும்ப வருகிறார்கள். 2012 லண்டன் பாராலிம்பிக்ஸில் அமெரிக்க இரட்டையர் படகு வெண்கலம் வென்றது. அதில் இருந்த ராப் ஜோன்ஸ், ஆப்கானிஸ்தானில் இரு கால்களையும் இழந்த கடற்படைக் காலாள் வீரர். அவருடைய இணை, செர்னோபில் கதிர்வீச்சின் விளைவுகளோடு உக்ரைனில் பிறந்து அமெரிக்கத் தாய் ஒருவரால் தத்தெடுக்கப்பட்ட ஒக்சானா மாஸ்டர்ஸ். முதுகுக் காயத்தால் துடுப்பை விட்டு, பனிச்சறுக்கிலும் கைச்சைக்கிளிலும் தங்கங்கள் குவித்தவர். இந்த ஏரியிலேயே நாளை பி.ஆர்.2 இரட்டையரில் ஓட்டப் போகும் பிரிட்டனின் கிரெக் ஸ்டீவன்சன், 2009இல் ஆப்கானிஸ்தானில் வெடிகுண்டில் கால்களை இழந்தவர். வெவ்வேறு நாட்டு ராணுவம், ஒரே வகைக் காயம். கண்ணிவெடி முதலில் எடுத்துக்கொள்வது காலை.

வெடி காலை எடுத்தது மட்டும் காரணமாகாது. அப்படியென்றால் வன்னியிலிருந்தும் அங்கோலாவிலிருந்தும் கம்போடியாவிலிருந்தும் இங்கே படகுகள் வரிசைகட்டி நின்றிருக்க வேண்டும். ராணுவத்திடம் வேறொன்று இருக்கிறது. நம் நாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். புனேயில் ராணுவத்தின் செயற்கை உறுப்பு மையம் 1944இலிருந்து இயங்குகிறது. உலகப் போரில் கை கால் இழந்தவர்களுக்காகத் தொடங்கியது. அதே ஊரில் ராணுவப் பொறியியல் கல்லூரி வளாகத்துக்குள் துடுப்புப் படகுப் பயிற்சி மையம் இருக்கிறது. கால் பொருத்தும் இடமும் படகு ஓட்டும் தண்ணீரும் ஒரே நகரத்தில். சம்பளம் மாதாமாதம் வரும். பயிற்சியாளர் உண்டு. காலையில் நாலரைக்கு எழுப்ப ஆள் உண்டு, எழ மறுக்க முடியாது!

ராணுவத்தின் படகு வேலை பாரா வீரர்களோடு நிற்பதில்லை. நாசிக் மாவட்டத்தின் வறண்ட கிராமத்தில் கிணறு வெட்டிக்கொண்டிருந்த தத்து போகனல் ராணுவத்தில் சேர்ந்து, படகைத் தொட்ட நான்கே ஆண்டுகளில் ரியோ ஒலிம்பிக்ஸ் ஒற்றையரில் 13ஆம் இடம் பிடித்தார். 2010 ஆசிய விளையாட்டில் ஒற்றையர் தங்கம் வென்ற பஜ்ரங் லால் தாக்கர், ராஜஸ்தான்காரர், அவரும் ராணுவம். தண்ணீர் இல்லாத ஊர்களிலிருந்து ஆளெடுத்துப் படகோட்டிகளாக்கும் வினோதத்தை இந்திய ராணுவம் நெடுநாளாகச் செய்துவருகிறது. நாராயணாவின் வாழ்க்கை அந்த வரிசையில் வருவது. அவர் மனவலிமையைக் குறைத்துச் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. மனவலிமை உள்ளவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், அவர்களைப் படகுவரை கொண்டுசேர்க்கும் வழிதான் எல்லா ஊரிலும் இல்லை.

மாலையில் திரும்பும் ரயிலில் கால் நீட்ட இடமில்லை. பாரிஸ் மெட்ரோவில் முழுக்கப் படி ஏறாமல் போகக்கூடியது 14ஆம் எண் தடம் மட்டும்தான். சக்கர நாற்காலியில் வந்திருந்த ஒரு பார்வையாளர், பஸ் எந்த வாசலில் வரும் என்று மூன்று பேரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். உலகம் முழுவதும் இந்த ஊரைப் பார்த்துக்கொண்டிருக்கும் வாரத்தில்!

செப்டம்பர் 1, ஞாயிறு

இறுதிகள். கூட்டம் நன்றாக இருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் படகு எங்கே இருந்தாலும் கத்துகிறார்கள், கடைசியில் வந்தாலும்.

முதலில் நம்முடையது. இறுதி ‘பி’யில் நாராயணாவும் அனிதாவும் இரண்டாவதாக வந்தார்கள். மொத்தக் கணக்கில் எட்டாம் இடம். எட்டு நிமிடத்துக்குச் சற்று மேல். கரையேறிய பிறகு இருவரும் துடுப்பைக் கழற்றி அடுக்குவது திரையில் தெரிந்தது. பத்திரிகைகளுக்கு நாளை இது ஒற்றை வரி. இந்தியாவுக்கு இப்பிரிவில் இதற்கு முன் எந்த வரியும் கிடையாது.

இந்த வகையில் தங்கம் ஆஸ்திரேலியாவுக்கு, நிக்கி அயர்ஸும் ஜெட் ஆல்ட்ஷ்வாகரும். பி.ஆர்.2இல் ஸ்டீவன்சனும் லாரன் ரோல்ஸும் எதிர்பார்த்தபடியே வென்றார்கள். ரோல்ஸுக்கு இது தொடர்ந்து மூன்றாவது பாராலிம்பிக் தங்கம். பதின்மூன்று வயதில் தண்டுவட அழற்சியில் கால்கள் செயலிழந்தவர், ரியோவில் வென்றபோது வயது 18. பி.ஆர்.1 பெண்களில் இஸ்ரேலின் மோரன் சாமுவேல் முதலிடம், நார்வேயின் பிர்கிட் ஸ்கார்ஸ்டைன் இரண்டாமிடம். டோக்கியோவில் இந்த வரிசை அப்படியே தலைகீழ்.

ஆனால் நான் இன்று ஒரு மனிதருக்காகத்தான் காத்திருந்தேன். பி.ஆர்.1 ஆண்கள் ஒற்றையரில் எரிக் ஹோரி, 44 வயது. நியூசிலாந்தில் பிறந்தவர், 2001இல் கார் விபத்தில் கால்கள் செயலிழந்தன. முதலில் சக்கர நாற்காலிக் கூடைப்பந்து. பிறகு ஆஸ்திரேலியாவுக்காகத் துடுப்பு. உலகச் சாம்பியன் பட்டம் பலமுறை. பாராலிம்பிக்ஸிலோ லண்டனில் வெள்ளி, ரியோவில் வெள்ளி, டோக்கியோவில் வெள்ளி. பாராலிம்பிக் தங்கம் வாங்காமலே ஒரு பிரிவின் முகமாக ஆவது எளிதல்ல.

பந்தயத்தில் பிரிட்டனின் பெஞ்சமின் பிரிட்சார்ட் முன்னே போனவர் திரும்பப் பிடிபடவில்லை. சைக்கிள் விபத்தில் முதுகெலும்பு முறிந்து எட்டு ஆண்டுகள் ஆகின்றன அவருக்கு. உக்ரைனின் ரோமன் போலியான்ஸ்கி இரண்டாவது. மூன்றாவதாகக் கோட்டைத் தொட்டவர் இத்தாலியின் ஜியாகோமோ பெரினி. ஹோரி நான்காவது. அவ்வளவுதான் என்று எழுந்துவிட்டார்கள் பக்கத்தில் இருந்தவர்கள். சற்று நேரம் கழித்து முடிவுப் பட்டியல் மாறியது. பெரினியின் படகில் கைபேசி இருந்ததாம். பந்தயப் படகில் தொடர்புக் கருவி கூடாது என்பது விதி. தகுதி நீக்கம். வெண்கலம் ஹோரிக்கு.

என்ன உணர்வது என்று தெரியவில்லை. விதி விதிதான். கைபேசியால் தோள் வேகமாகச் சுழலாது என்பதும் உண்மைதான். பெரினி தோளால் 2000 மீட்டர் கடந்தார், அதை எந்தக் கருவியும் செய்து தரவில்லை. ஹோரி மூன்று பாராலிம்பிக்ஸிலும் தங்கத்துக்கு ஒரு படகு பின்னால் இருந்தவர். கடைசியில் ஒரு பதக்கம் காகிதத்தில் வந்து சேர்ந்திருக்கிறது. நான் அவராக இருந்தால் வாங்கிக்கொள்வேன். கொஞ்சம் பல்லைக் கடித்துக்கொண்டு.

செப்டம்பர் 2, திங்கள், போர்ட் து லா ஷப்பல்

ஏரியில் இன்று வேலை இல்லை. பாட்மின்டன் அரங்கம் தங்குமிடத்திலிருந்து நடக்கும் தூரம். தமிழ்நாட்டின் துளசிமதி முருகேசன் வெள்ளி, மணிஷா ராமதாஸ் வெண்கலம், ஒரே பிரிவில். நித்யஸ்ரீ சிவன் இன்னொரு பிரிவில் வெண்கலம். கடைத்தெருவிலிருந்து வந்த தமிழர்கள் போட்ட சத்தத்தில் அரங்கம் கொஞ்சம் திகைத்தது.

மகிழ்ச்சியோடு உட்கார்ந்திருந்தபோதும் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருந்தது. பாட்மின்டனுக்குக் கூரை போட்ட ஒரு கூடமும் மட்டையும் பந்தும் விடாப்பிடியான ஒரு தகப்பனோ பயிற்சியாளரோ போதும். காஞ்சிபுரத்திலும் அது கிடைத்துவிடுகிறது. துடுப்புக்கு இரண்டு கிலோமீட்டர் அமைதியான தண்ணீர், பல லட்சம் ரூபாய்ப் படகு, கூடவே போகும் மோட்டார் படகு, கவிழ்ந்தால் தூக்க ஆள், அளவெடுத்துச் செய்த கால், அது தேய்ந்தால் மறுபடி இன்னொரு கால். ராணுவத்துக்கு வெளியே இதையெல்லாம் ஒரே இடத்தில் சேர்த்து வைத்திருப்பவர் யார்? நாராயணாவைவிட எனக்கு அனிதாதான் அதிசயமாகத் தெரிகிறார். சீருடை இல்லாமல் அந்தப் படகுக்குள் வந்து சேர்ந்தவர்.

இரவு கடைக்காரர் கேட்டார், “என்ன, தம்பி, அந்தப் பட்டாளத்துக்காரர்?” எட்டாமிடம் என்றேன். “அந்தப் பிள்ளை?” என்றார் உடனே. அதே படகுதான், அவருக்கும் எட்டு என்றேன். தலையை ஆட்டி, பில்லில் ஒரு வடையைக் கழித்தார்.

நாளை விமானம். சென்னையில் அடையாற்றில் காலை நேரத்தில் துடுப்புப் படகுகள் போவதைப் பாலத்திலிருந்து பலமுறை பார்த்திருக்கிறேன், இறங்கும் துறையை ஒருநாளும் பார்த்ததில்லை. போனதும் கேட்க வேண்டும், அங்கே படிகள் மட்டும்தானா, சாய்தளமும் உண்டா என்று.